பிலிம் போயிற்று, போட்டோக்காரர் என்ன ஆனார்?

(மேகமலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)



இந்த மலைக்கு நாம் ஏறி வருவது பெரும்பாலும் கூலியைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசுவதற்காக. இன்று பேசப் போவது காமிராவைப் பற்றி. "காமிராவுக்கும் கொழுந்துக் கூடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று முன்வரிசையில் இருக்கும் ஒரு தாயார் இப்போதே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவோம்.

கொட்டகையின் ஓரத்தில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்த லைன் வீடுகளுக்கு வந்து போகிறவர். உங்கள் கல்யாணப் படம், பிள்ளையின் காதுகுத்துப் படம், ரேஷன் கார்டுக்கும் பி.எப். பாரத்துக்கும் ஒட்டிய படம், இறந்துபோன தகப்பனாரை மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த கடைசிப் படம் எல்லாம் அவர் கை வழியே வந்தவை. தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "போட்டோக்காரர்னு சொன்னாப் போதும் தம்பி, மலைக்கே தெரியும்" என்றார். அப்படியே சொல்வோம்.

பதினான்கு வயதில் ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். பிலிமில் தொழில் பழகினார். பிலிம் போன பிறகு டிஜிட்டல் காமிராவைக் கற்றுக்கொண்டார். இன்று 71 வயதிலும் உழைத்துச் சாப்பிடுகிறார். மில்லில் ஆட்டோகோனர் வந்தபோது வைண்டிங்கில் நின்றவர்களுக்கும், வயலில் அறுவடை மெஷின் இறங்கியபோது அரிவாளோடு வரப்பில் நின்றவர்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல. கருவி மாறுகிறது. மாறும்போது அந்தக் கருவியைப் பிடித்திருந்த கை என்ன ஆகிறது? இதுதான் இன்றைய பேச்சு.

வெள்ளியும் வெளிச்சமும்

பிலிம் என்றால் என்ன? ஒளி ஊடுருவும் மெல்லிய சுருள். அதன்மேல் ஜெலட்டின் என்ற பசை பூசியிருக்கும்; மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை. அந்தப் பசைக்குள் வெள்ளி உப்பு பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். காமிராவின் கதவு ஒரு கணம் திறந்து மூடும்போது உள்ளே விழுகிற வெளிச்சம், அந்த உப்பில் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை உண்டாக்கும். இருட்டறையில் டெவலப்பரில் முக்கினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கறுக்கும். பட்டிராத உப்பை ஹைப்போ கரைத்துவிடும். இப்படிக் கிடைப்பதுதான் நெகடிவ். வெள்ளை வேட்டி அதில் கறுப்பு. கறுத்த முடி அதில் வெளுப்பு. திரும்பவும் காகிதத்தில் அடித்தால்தான் படம் நேராகும். பயன்படுத்தித் தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை விலைக்கு வாங்கிக்கொண்டு போகவும் ஆள் வருவார்களாம்.

நாம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பணம் கட்டிய வருஷம், படம் எடுக்க இவருடைய கடைக்குத்தான் போனோம். மறுநாள் போனபோது மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து, நமது நெகடிவின் மேல் கூராகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "மூஞ்சியில இருக்க பருவ அழிக்கிறேன் தம்பி. இது என்னால முடியும். மார்க் வர்றது ஓங் கையில இருக்கு" என்றார். விரல் நகத்தளவு முகத்தில் பென்சிலால் வேலை செய்வதென்றால் எவ்வளவு நிதானம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தறியில் அறுந்த நூலை முடிகிறவருக்கும், இரண்டு இலை ஒரு மொட்டென்று பார்த்துக் கிள்ளுகிற உங்களுக்கும் அந்த நிதானத்தின் அருமை தெரியும்.

அந்த நாளில் ஒரு ரோலில் 36 படம். பெரிய ரோல் என்றால் 12தான். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மலையேறி வருவார். இருபது குடும்பத்துக்கும் சேர்த்து அந்த 36 படம்தான். ஒன்று வீணானால் அன்றைய பஸ் சார்ஜ் போயிற்று. ஆகவே மூடுபனி விலகும்வரை காத்திருப்பார். அழுகிற பிள்ளை சிரிக்கும்வரை காத்திருப்பார். வேலை அலுப்பில் தொங்கிப்போன முகம் தன்னை மறந்து நிமிர்கிற அந்த ஒரு கணத்தில் பொத்தானை அமுக்குவார். காசில்லாதவர்களிடம் தவணையில் வாங்கிக்கொள்வார். இந்த மலையில் எத்தனையோ லைன் வீடுகளின் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது, இப்படித் தவணை கட்டி வாங்கிய படம்தான்.

53 வயதில் மாணவர்

2007இல் இவர் முதல் டிஜிட்டல் காமிராவை வாங்கினார். ஆசைப்பட்டு வாங்கவில்லை. கலர் ரோலை பஸ்ஸில் மதுரைக்குக் கொடுத்தனுப்பி, லேப்பில் கழுவி, படம் திரும்பி வர நாலைந்து நாளாகும். கல்யாண வீட்டாரோ அன்று சாயங்காலமே படம் பார்க்க வேண்டும் என்றார்கள். ரோல் விற்ற கடைகளில் ரோல் குறைந்தது. வீட்டம்மாளின் நகை அடகுக்குப் போயிற்று. காமிரா வந்தது, அதற்குத் துணையாகக் கம்ப்யூட்டரும் வர வேண்டியிருந்தது. பழைய காமிராவோடு இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவருக்கு, புதிய காமிரா ஐந்தே வருஷத்தில் பழசாகிவிடும் என்பது அப்போது தெரியாது.

இந்தப் புதுக் காமிரா எப்படி வேலை செய்கிறது? பிலிம் இருந்த இடத்தில் ஒரு சிலிக்கன் தகடு. அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு குழிகள், கோடிக்கணக்கில். ஒவ்வொரு குழியிலும் விழுகிற வெளிச்சம் மின்சாரமாக மாறுகிறது. அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கிறது காமிரா. உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஒவ்வொருவர் கூடையையும் தனித்தனியாக நிறுத்து, எடையைப் பேரேட்டில் பதிகிற வேலைதான். பேரேட்டைத் திரும்பப் படித்தால் படம் வந்துவிடும்.

இங்கேதான் நமது போட்டோக்காரர் முதன்முதலில் அடி வாங்கினார். நெகடிவ் பிலிமில் வெளிச்சம் சற்று அதிகமாகிவிட்டால் அது பொறுத்துக்கொள்ளும். குறைந்துபோனால்தான் ஆபத்து. எனவே ஒரு பிடி கூடவே வெளிச்சம் கொடுப்பது நாற்பது வருஷத்துக் கைப்பழக்கம். அதே பழக்கத்தில் ஒரு கல்யாணத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. மடிப்பும் இல்லை, கரையும் இல்லை. கூடை நிரம்பிய பிறகு மேலே போட்ட கொழுந்து கீழே சிந்துகிறதல்லவா? அது கணக்கில் ஏறுமா? குழி நிரம்பிய பிறகு விழுந்த வெளிச்சமும் அப்படித்தான். சிந்தியது சிந்தியதுதான்.

நாற்பது வருஷம் தொழில் செய்தவர், ஒரு கல்யாண வீட்டின் முன்னால் தலைகுனிந்து நின்றார். தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாக நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். அவருக்குத் தொழில் மறந்து போகவில்லை. பழைய கருவிக்குச் சரியாக இருந்த பழக்கம் புதிய கருவிக்குத் தப்பாகிவிட்டது. அவ்வளவுதான். இது தெரிந்ததும் அவர் தாமே ஒரு விதி வகுத்துக்கொண்டார்: "மொதல்ல வெள்ளயக் காப்பாத்து. நெழல அப்புறம் தூக்கிக்கிறலாம்." மூடுபனியும் வெள்ளை வேட்டியும் உள்ள இந்த மலையில் அதைவிடச் சிறந்த விதி கிடையாது. இன்று செல்போனில் படம் எடுக்கிற இளைஞர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். வெளுத்த இடத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு எடுங்கள்.

அடுத்த தொல்லை இங்கிலீஷ். காமிராவின் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள். கண்ணாடி போட்டால்தான் தெரியும். கண்ணாடி போட்டால் காமிராவில் கண் வைக்க முடியாது. இந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதற்குக் கைம்மாறாகப் பெரியவர் அந்தப் பிள்ளைக்கு வெளிச்சம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, உச்சி வெயிலில் முகத்தை ஏன் எடுக்கக்கூடாது, வாசற்படியின் உட்புறத்தில் நின்றால் முகம் ஏன் தெளிகிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் இல்லாத பாடங்கள். பொத்தானைச் சின்னவர் கற்பித்தார். பார்வையைப் பெரியவர் கற்பித்தார். அந்தப் பிள்ளை இன்று அதே தொழிலில் இருக்கிறார்.

மலையும் தன் பங்குக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. இங்கே குளிரில் இருந்த காமிராவைச் சின்னமனூர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்தால், குளிர்ந்த சொம்பின்மேல் தண்ணீர் பூக்கிற மாதிரி அதன்மேலும் பூக்கும். பழைய காமிரா இரும்பும் பல்சக்கரமும், துடைத்துவிட்டால் ஓடும். புதுக் காமிராவின் உடம்பெல்லாம் மின்சாரம். ஆகவே பையை உடனே திறக்காமல், உள்ளே இருக்கிற காமிரா ஊர்ச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கிறார். அதற்கும் அந்தப் பழைய நிதானம்தான் உதவுகிறது.

பழி யார்மேல்?

"டிஜிட்டல் வந்தது, பிலிம் செத்தது, விஞ்ஞானம் வளர்ந்தால் நாலு பேருக்கு வேலை போகத்தான் செய்யும்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது உண்மையா? நமது தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

நீலகிரியில், உதகமண்டலத்தில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை இருந்தது. 1960இல் தொடங்கப்பட்டு, பிரான்சு நாட்டுக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்திக்கு வந்தது. பிலிம் செய்யத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும். மலை அதைக் கொடுத்தது. சினிமா பிலிம், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிம், ஸ்டூடியோவுக்கு ரோலும் காகிதமும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து வந்தன. அந்தப் பெயரால் அங்கே இந்து நகர் என்று ஒரு குடியிருப்பே உண்டாயிற்று. நமது போட்டோக்காரர் இருட்டறையில் கழுவிய கறுப்பு-வெள்ளைக் காகிதத்தில் அந்த மலைத் தொழிலாளரின் உழைப்பும் இருந்தது. அவர்களும் இருட்டில் வேலை செய்தவர்கள்தான். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற பொருளை வெளிச்சத்தில் வைத்துச் செய்ய முடியாதல்லவா?

அந்தத் தொழிற்சாலையை டிஜிட்டல் காமிராதான் கொன்றதா? வருஷத்தைப் பாருங்கள். நலிந்த தொழில் என்று அது அறிவிக்கப்பட்டது 1996இல். அந்த 1996இல் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் டிஜிட்டல் காமிராவைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? எக்ஸ்ரே பிலிமுக்கான புதுத் திட்டத்திற்கு வாங்கிய பெருங்கடன், அந்தக் கடனுக்கு ஏறிய வட்டி, 1991க்குப் பின் குறைக்கப்பட்ட இறக்குமதித் தீர்வை, வெளிநாட்டுக் கம்பெனிகளின் போட்டி எல்லாம் சேர்ந்து அதன் கழுத்தை முன்னமேயே நெரித்துவிட்டன. டிஜிட்டல் வந்தது பிறகு. 2003இல் கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்று சிபாரிசு ஆயிற்று. 2014இல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. நலிவு அறிவிப்பு வந்து பதினெட்டு வருஷம்! கொண்டை ஊசி வளைவுகள் பதினெட்டையும் பஸ்ஸில் ஒரு காலைப் பொழுதில் ஏறிவிடலாம். அந்தத் தொழிலாளிகள் வருஷத்துக்கு ஒரு வளைவாகப் பதினெட்டு வருஷம் ஏறினார்கள்.

சீமையிலும் கதை வேறல்ல. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி உலகத்துக்கே பிலிம் விற்றது. முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்ததும் அந்தக் கோடாக்கின் சம்பளத்தில் இருந்த ஸ்டீவன் சாசன் என்ற இளம் எஞ்சினியர்தான். வருஷம் 1975. நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளி. இன்று சாதாரணக் காமிராவில் இரண்டு கோடிப் புள்ளி இருக்கிறது. கையில் கிடைத்த புதையலைக் கோடாக் என்ன செய்தது? பிலிமில் லாபம் கொட்டுகிறவரை அதை முழுமூச்சாக எடுத்துச் செல்லவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. கண்டுபிடித்தது உழைத்த மூளை; தள்ளிப்போட்டது லாபக் கணக்கு; வேலையிழந்தது தொழிலாளி.

ஆகவே காமிராவின்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. இருட்டறையில் நாற்றமடிக்கிற மருந்துக்குள் கைவிட்டு வேலை செய்த மனிதருக்கு அந்த மருந்திலிருந்து விடுதலை கிடைத்தது நல்லதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாற்றத்தின் லாபம் ஒருவருக்கும் அதன் செலவு இன்னொருவருக்கும் என்று ஏன் பிரிந்தது? இங்கே அந்தச் செலவு ஒரு வீட்டம்மாளின் கழுத்திலிருந்து கழன்றது.

கற்றுக்கொள்ள வயது உண்டா?

"வயதானவனுக்குப் புதுக் கருவி வராது" என்று மில்லிலும் சொல்கிறார்கள், தோட்டத்திலும் சொல்கிறார்கள். ஆள் குறைக்க விரும்புகிறவர்களுக்கு வசதியான பேச்சு அது.

ரகு ராய் என்ற புகழ்பெற்ற போட்டோக்காரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றபோது, மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தைப் பிலிமில் பதித்தவர். அந்த ஒரு படம் உலகத்தின் மனச்சாட்சியை உலுக்கிற்று. அவர் பிறந்தது 1942இல். டிஜிட்டல் காமிராவுக்கு மாறியது 2003இல், அறுபது வயதை எட்டிய பிறகு. அதற்குப் பின் பிலிமுக்குத் திரும்ப முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தமிழ் சினிமாவிலும் பாருங்கள். 2005இல் வந்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டல் காமிராவில் எடுக்கப்பட்ட படம். டைரக்டர் சிங்கீதம் சீனிவாசராவுக்கு அப்போது 73 வயது.

வயது தடையில்லை என்பதற்கு இவ்வளவு போதும். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அவர்களுக்குக் கருவி கிடைத்தது. கற்றுக்கொள்ள அவகாசம் கிடைத்தது. தவறு செய்தால் தாங்கிக்கொள்ள வசதி இருந்தது. சின்னமனூர்ப் போட்டோக்காரருக்கு இதில் எதுவும் இல்லை. அவருடைய சக தொழிலாளிகள் பலர் கடையை மூடிவிட்டு வாட்ச்மேன் வேலைக்கும் பலசரக்குக் கடைக்கும் போனார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. கைமாற்றுக் கொடுக்கவும் நோட்டு எழுதிக் கொடுக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை. அதுதான் வித்தியாசம்.

ஆயிரம் படத்தில் இருக்கிறோம்

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

மேகமலையைப் பார்க்க இப்போது வெளியூரிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வரட்டும், மலை எல்லோருக்கும் பொது. அவர்கள் மேகத்தை எடுக்கிறார்கள், அணைத் தண்ணீரை எடுக்கிறார்கள், பச்சைத் தேயிலையை எடுக்கிறார்கள். அந்தப் பச்சைக்கு நடுவே கூடையோடு நிற்கிற உங்களையும் எடுக்கிறார்கள். முன்வரிசைத் தாயாரே, ஒரு சீசனில் உங்களை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? கணக்கு வைக்க முடியுமா? அதில் ஒரு படமாவது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறதா?

இல்லை என்று தலையாட்டுகிறார்.

பிலிம் காலத்தில் உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு படம்தான். ஆனால் அது உங்களுடையது. தவணை கட்டி வாங்கியது. சட்டம் போட்டு மாட்டியது. இன்று ஆயிரம் படத்தில் இருக்கிறீர்கள், கையில் ஒன்றுமில்லை. படம் எடுப்பது சுலபமாயிற்று. நம் படம் நம்மிடம் நிற்பதோ கஷ்டமாயிற்று.

செல்போனில் நாமே எடுக்கிறோமே என்பார்கள் இளைஞர்கள். சென்ற மழைக்காலத்தில் இந்த லைனில் நடந்ததை நீங்களே அறிவீர்கள். ஒரு தம்பியின் செல்போன் தண்ணீரில் விழுந்தது. தாயார் இறந்து மூன்று மாதம். அந்த அம்மாவின் படங்கள் அத்தனையும் அந்தப் போனில். கடை கடையாக ஏறி இறங்கினார். ஒன்றும் மீளவில்லை. கடைசியில் அவர் வந்து நின்றது இந்தப் போட்டோக்காரர் வீட்டு வாசலில்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தார். அதில் பட்டர் காகிதத்தில் சுற்றிய நெகடிவ்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தோட்டத்தின் பெயர், தேதி, நம்பர். பக்கத்தில் அதற்குப் பேரேடு. அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்: அந்த அம்மா புதுப்பெண்ணாக, லைன் வீட்டு வாசலில், கொஞ்சம் வெட்கத்தோடு நிற்கிற நெகடிவ். பிள்ளை பிறப்பதற்கு முந்தின படம். தன் தாயாரைத் தன்னைவிடச் சின்ன வயதில் அந்தத் தம்பி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். நாம் பக்கத்தில் இருந்தோம். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரும் காசு வாங்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

அந்தத் தகரப் பெட்டியில் இருப்பது இந்த மலைத் தொழிலாளரின் முப்பது வருஷம். கல்யாணமும் சாவும் ஊர்வலமும் அதில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனவர்களின் முகமும் இருக்கிறது. ஆனால் மலை ஈரம் சும்மா இருக்காது. சில சுருள்களில் பூஞ்சை படர்ந்துவிட்டது. சிலவற்றில் புளித்த காடி நெடி அடிக்கிறது. பிலிமின் அடித்தகடு சிதையத் தொடங்கினால் அந்த நெடிதான் வரும். பெரியவருக்கோ 71 வயது. பெட்டி அழிந்தால் திரும்ப எடுக்க முடியுமா?

அதைக் காப்பாற்றப் போவது எது தெரியுமா? எந்தக் காமிரா பிலிமுக்கு எமனாக வந்தது என்கிறார்களோ, அந்த டிஜிட்டல் காமிராவேதான். பால்வெள்ளைத் தகட்டுக்குக் கீழே விளக்கு, தகட்டின்மேல் நெகடிவ், அதற்கு நேர் மேலே, ஆடாத சட்டத்தில் கிட்டத்தில் பார்க்கிற லென்சு மாட்டிய காமிரா. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் திருப்பினால் படம் எழுந்து வந்துவிடும். பெரியவர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். தனி ஆளாக ஒரு நாளைக்கு நாலைந்து சுருள்தான் முடிகிறது.

எனவே மூன்று காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, இந்த வேலைக்கு இரண்டு இளைஞர்கள் முன்வர வேண்டும். நெகடிவை விளிம்பில் பிடிப்பது எப்படி, தூசி தட்டுவது எப்படி, பேரேட்டில் பதிவது எப்படி என்று பெரியவர் சொல்லித் தருவார். வெளிச்சம் பார்க்கவும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கலை அவரோடு போய்விடக்கூடாது.

இரண்டாவது, இது ஓசி வேலையாக இருக்கக்கூடாது. உழைப்புக்குக் கூலி கேட்கிற நாம், நமக்காக உழைக்கிறவரிடம் மட்டும் தருமம் கேட்பது அழகல்ல. வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கொடுப்போம். மாற்றத்தின் செலவை இந்தத் தடவையாவது ஒருவர் தலையில் கட்டாமல் எல்லோருமாகச் சுமப்போம்.

மூன்றாவது, ஒவ்வொரு வீட்டுக்கும். செல்போனில் இருக்கிற படத்தில் முக்கியமானதைப் பொறுக்கி எடுங்கள். பிரதி மூன்று வையுங்கள். மூன்றும் ஒரே விதமான சாதனத்தில் இருக்க வேண்டாம். ஒன்று வேறு ஊரில் இருக்கிற உறவினர் வீட்டில் இருக்கட்டும். வருஷத்துக்குப் பத்துப் படமாவது காகிதத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும் இடமும் எழுதுங்கள். வீட்டில் பழைய நெகடிவ் இருந்தால் "இது எதுக்கு" என்று எறிந்துவிடாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் காகித உறையில் வைத்து, பெரியவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

தோழர்களே! கருவி மாறாமல் உலகம் இருந்ததில்லை, இனியும் இருக்காது. கொழுந்து பறிக்கிற கையில் கத்தரி வந்தது. நாளை வேறு மெஷினும் வரும். நம்மால் கற்றுக்கொள்ள முடியாது என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். கற்றுக்கொள்ள நேரமும் பயிற்சியும் கூலியும் கேளுங்கள். பழைய கையின் திறமையைப் புதிய கைக்கு மாற்றிவிடுங்கள். அந்தத் தகரப் பெட்டியின் முன்னால் நாம் கற்றுக்கொண்டது இதுதான்.

நாம் பேசியது போதும். பெரியவர் காமிராவைக் கொண்டுவந்திருக்கிறார். மேகம் சற்று விலகியிருக்கிறது. வெளியே வாருங்கள், முன்வரிசைத் தாயார் நடுவில் நிற்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒரு பிரதி காகிதத்தில் வந்து சேரும்.